அறக்கொட்டிக்கு மருந்து வாங்குமுன்

முரசுமோட்டை வயல்களில் காலபோக நெல் குடலைப் பருவத்துக்கு வரும் நாட்களில், வரம்பில் நின்று பார்த்தால் பயிர் செழிப்பாகவே தெரியும். நடுவயலில் வட்டமாக ஒரு திட்டு மஞ்சளித்து, சில நாளில் தீய்ந்தது போல் காய்ந்த பிறகுதான் அறக்கொட்டி இறங்கியிருப்பது புரியும். உடனே கடைக்கு ஓடி, கேட்டதும் கையில் வைக்கிற போத்தலை வாங்கிவந்து அடிப்பது வழக்கமாகிவிட்டது. அந்த ஓட்டம்தான் பூச்சியைவிட எனக்குக் கவலை தருகிறது.

விவசாயத் திணைக்களம் கபில நிறத் தத்தி என்று சொல்லும் இந்தப் பூச்சி இலை நுனியில் இருப்பதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தூரடியில் ஒட்டியிருந்து சாறு குடிக்கும். முட்டையை மடலுக்குள் செருகிவிடும். மேலாக விசிறுகிற மருந்து அங்கே சேராது. ஆனால் தத்தியைத் தின்னும் சிலந்திகளும், அதன் முட்டையை உறிஞ்சும் நாவாய்ப்பூச்சியும் அதே மருந்தில் செத்துப்போகும். முட்டைகள் பொரிக்கும்போது வயலில் எதிரியே இல்லை. ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒரு தலைமுறை என்பதால், விதைத்த புதிதில் இலைச்சுருட்டிக்குப் பயந்து அடித்த மருந்தின் விளைவு கதிர் வரும் நேரத்தில் தெரியவரும்.

இது வெறும் ஊகம் அல்ல. 1986 நவம்பரில் இந்தோனேசியா, இதே தத்தியால் நெல் அழிந்துகொண்டிருந்தபோது, 57 வகை பூச்சிநாசினிகளை நெல்வயலில் அடிக்கத் தடை விதித்தது. நெல் உற்பத்தி அதனால் சரியவில்லை. விதைத்து முதல் 40 நாள் பூச்சிநாசினி வேண்டாம் என்று வியட்நாமின் மேகொங் பகுதியில் வானொலி நாடகமாகவே போட்டுச் சொன்னார்கள். அங்கும் விளைச்சல் குறையாமல் மருந்துச் செலவு குறைந்தது. எங்கள் நாட்டின் பழைய நெல்லான ரத்து ஹீனட்டியில் இந்தத் தத்தியைத் தாங்கும் மரபணு உண்டு. ஆசியாவின் நெல் ஆராய்ச்சியாளர்கள் அதைத் தேடி எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். பீஜீ 379-2 போன்ற தாங்கும் இனங்கள் நம் நாட்டிலேயே உருவானவை. எந்த விதைநெல் எதைத் தாங்கும் என்று விதைக்குமுன் பரந்தன் நெல் ஆராய்ச்சி நிலையத்திலோ விவசாயப் போதனாசிரியரிடமோ கேட்கலாம். 1920 என்ற இலக்கத்திலும் திணைக்களம் ஆலோசனை தருகிறது.

நெருக்கமாக விதைப்பதும் யூரியாவைக் கொட்டுவதும் அறக்கொட்டிக்கு நிழலும் சாப்பாடும் வைப்பது மாதிரி. வாரம் ஒருமுறை வயலுக்குள் இறங்கி, தூரைத் தட்டித் தண்ணீரில் விழுவதைப் பாருங்கள். தத்தி கூடினால் வயலின் நீரை வடித்துக் காயவிடுங்கள். இரணைமடு வாய்க்காலை நம்பியிருக்கும் இடத்தில் அயல் வயல்காரரோடு பேசாமல் இதைச் செய்ய முடியாது. கமக்கார அமைப்பின் கூட்டத்தில் இதையும் பேசுங்கள். எல்லோரும் ஒரே காலத்தில் விதைத்தால், பூச்சிக்கு இடைவிடாத இரையும் கிடைக்காது.

அப்படியும் மருந்து அடித்தே ஆகவேண்டிய நிலை வரலாம். அப்போது 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. பீடைகொல்லிப் பதிவாளரிடம் பதியாத மருந்தை விற்க முடியாது. போத்தலில் பதிவிலக்கம், காலாவதித் திகதி, அடிக்கும் அளவு எல்லாம் தமிழிலும் இருக்கவேண்டும். கடல்வழியாகக் கடத்திவந்த போத்தலிலோ, உடைத்துச் சிறு போத்தலில் ஊற்றித் தந்ததிலோ இவை இரா. அப்படியானதை வாங்காதீர்கள். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கடன் சொல்லி வாங்கினாலும் அதைக் கேட்பது உங்கள் உரிமை. போலி மருந்து என்று தெரிந்தால் போத்தலையும் சீட்டையும் வைத்துக்கொண்டு, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுங்கள். தொலைபேசி இலக்கம் 1977.

கூலிக்கு மருந்து அடிக்கிறவரின் உடலையும் மறக்கக்கூடாது. வெறுங்காலோடும் வெறுங்கையோடும் அவரை இறக்குவது பெரும் தவறு. வாயில் எச்சில் ஊறுதல், கடும் வியர்வை, கண் மங்கல், நெஞ்சு இறுக்கம் வந்தால் உடுப்பைக் கழற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்து, போத்தலையும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். என்ன விஷம் என்று வைத்தியருக்கு அந்த லேபிள்தான் சொல்லும். மிச்ச மருந்தை வீட்டுக்குள் கைபடும் இடத்தில் வைக்காமல் பூட்டி வையுங்கள்.

பயிர் போனால் நட்டஈடு? விவசாய மற்றும் கமநலக் காப்புறுதிச் சபையின் இலவசக் காப்புறுதி பெரும்பாலும் வெள்ளம், வரட்சி, யானை என்ற சேதங்களை வைத்தே வந்திருக்கிறது. பூச்சிச் சேதத்துக்கு அதை நம்பி இருந்துவிடாதீர்கள். எது அடங்கும் என்று போகத் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கண்டாவளைப் பக்கம் வயல் மூழ்கியதுபோல் நேர்ந்தால், அதிகாரிகள் முதலில் பார்ப்பது கமநல சேவை நிலையத்தின் பதிவேட்டைத்தான். குத்தகைக்குச் செய்பவர்கள் இதில்தான் அடிபடுகிறார்கள்: உழைப்பது ஒருவர், பெயர் இருப்பது காணிக்காரருக்கு. விதைத்த உடனேயே செய்கையாளராக உங்கள் பெயரைப் பதியவையுங்கள். சேதமானால் படம் எடுத்து, உழுது புரட்டுமுன் எழுத்தில் அறிவித்து, கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். நட்டஈட்டை மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் காரணத்தையும் மதிப்பீட்டு அறிக்கையையும் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லவேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர்கள் முடிவு சொல்லியாகவேண்டும்.