ஆவன செய்யப்படும்: வினைமுதல் இல்லாத வாக்கியங்கள்

அரசியல்வாதி பொய் சொல்கிறான் என்று டீக்கடைதோறும் பேசுகிறோம். இலக்கணம் படித்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு கேள்வி: அந்தப் பொய் சொல்லில் இருக்கிறதா, வாக்கிய அமைப்பில் இருக்கிறதா?

மேடைப்பேச்சைக் கவனியுங்கள். தேர்தலுக்கு முன் எல்லாமே தன்மை ஒருமை, செய்வினை: ‘நான் செய்து தருவேன்’, ‘உங்கள் வீட்டுப் பிள்ளையாக உழைப்பேன்’. கோட்டைக்குள் போனபின் அதே வாயில் செயப்பாட்டுவினை: ‘பரிசீலிக்கப்பட்டு வருகிறது’, ‘ஆவன செய்யப்படும்’. ‘நான்’ எங்கே போனான்? இரட்டை வேடம் என்று நாம் திட்டுவது பெரும்பாலும் இந்த வினைமாற்றத்தைத்தான்.

தொல்காப்பியத்தின் வேற்றுமை மயங்கியல் ஒரு தொழிலுக்கு முதனிலைகள் எட்டு என்கிறது: வினை, செய்பவன், செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, யாருக்காக, எந்தப் பயனுக்காக. ‘ஆவன செய்யப்படும்’ என்பதை இவற்றால் அளந்தால் வினை மட்டும் மிஞ்சும். யார், எங்கே, எப்போது, எதைக்கொண்டு? பதிலில்லை. ஆளும் தேதியும் இல்லாத வாக்குறுதியை மீறிவிட்டதாக எவர்மீதும் குற்றஞ்சாட்ட முடியாது.

1991க்குப் பிறகு, ‘கவர்மெண்டு ஆபீஸ் மாதிரி இருக்காது’ என்ற உத்தரவாதத்துடன் தனியார் சேவைகள் பெருகின. ஆனால் சொல்லாடல் மாறவில்லை. என் வீட்டு இணைய இணைப்பு ஒருமுறை பதினோரு நாள் செத்துக்கிடந்தது. ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது’ என்று பதிவுசெய்த குரல் தினமும் உபசரித்தது. ஏழாம் நாள் ‘தங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி. லைன் வரவில்லை, புகார் மட்டும் தீர்ந்துவிட்டது! கடைசியில் கிடைத்த பெண்குரல் சொன்னது: ‘நான் கான்ட்ராக்ட்ல இருக்கேன் சார், என் கையில ஒண்ணுமில்ல.’ அது உண்மை. நம் கோபத்தை வாங்கிக்கொள்ளத்தான் அவருக்குச் சம்பளம். அதிகாரம் உள்ளவன் நம் எதிரே வருவதில்லை. எதிரே நிறுத்தப்படுபவருக்கு அதிகாரமில்லை.

இதெல்லாம் அன்றாட எரிச்சல்தானே என்று விட்டுவிட முடியாது. 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். கந்துவட்டிக்கு எதிராகப் பலமுறை மனுக் கொடுத்திருந்த ஒரு குடும்பம், இரண்டு குழந்தைகள் உட்பட நான்கு பேர், அந்த வளாகத்திலேயே தீக்கிரையானார்கள். அதன்பின் மனுக் கொண்டுவருபவர்களின் பையில் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று வாசலில் போலீஸ் சோதித்தது. மனு என்னவானது என்ற கேள்வி, மனுதாரர் என்ன கொண்டுவருகிறார் என்ற கேள்வியாகத் திருப்பப்பட்டது. பசு மணியடித்ததும் அரசனே இறங்கி வந்ததாகக் கதை சொல்லி, அதன் பெயரில் ‘மனுநீதி நாள்’ நடத்துகிற நாடு இது.

2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை நான் இந்த இடத்தில் வைத்துத்தான் வாசிக்கிறேன். பறிக்கப்பட்ட முதனிலைகளில் இரண்டை அது மீட்கிறது: செய்பவன், காலம். 30 நாளுக்குள் பதில் தரவேண்டும்; நியாயமான காரணமின்றித் தாமதித்தால் தகவல் அலுவலர்மீதே நாளொன்றுக்கு ரூ.250, அதிகபட்சம் ரூ.25,000 அபராதம் விதிக்கலாம். 2010இல் மத்தியப் பிரதேசம் கொண்டுவந்த பொதுச்சேவை உறுதிச் சட்டமும் இதே தர்க்கத்தில் சேவைகளுக்குக் கெடுவும் அபராதமும் வைத்தது. ஆணையங்களில் வழக்குகள் தேங்கிக்கிடப்பதும், கேள்வி கேட்டவர்கள் தாக்கப்பட்டதும் நமக்குத் தெரியும். ஆள் யார், தேதி என்ன என்ற கேள்வி அதிகாரத்தை எந்த அளவுக்குத் தைக்கிறது என்பதற்கு அந்தத் தாக்குதல்களே சாட்சி.

ஊரில் பிறருக்கு மனு எழுதித் தருகிற தோழர்களுக்கு ஒரு வார்த்தை. ‘ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று நாமே முடிக்கிறோம். அதிகாரம் ஒளிந்துகொள்ளும் சொல்லை நாமே எடுத்துக் கொடுக்கிறோம். அந்த வரியை அடித்துவிட்டு இப்படி எழுதிப் பாருங்கள்: இந்த மனு எந்த அலுவலரின் மேசையில், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது? அவர் பெயர் என்ன? எந்தத் தேதிக்குள் முடிப்பார்?