முற்றத்து ஆட்டுக்காக ஒரு கண்ணீர்



ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை கழிந்து மத்ரஸா தொடங்கிய முதல் நாள். பாடம் முடிந்து பிள்ளைகள் எல்லோரும் கலைந்து போன பின்னும் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் எழும்பாமல் இருந்தான். "என்ன மகன்?" என்று கேட்டேன். தலையைக் குனிந்தபடி கேட்டான்: "ஹஸரத், ஆட்டுக்காக அழுதா பாவமா?"

மெதுவாக விசாரித்தேன். உழ்ஹிய்யாவுக்கென்று வீட்டில் வளர்த்த கிடாய். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி வெள்ளாட்டுக்கு இரண்டு வயது பூர்த்தியாக வேண்டுமல்லவா? குட்டியாக வந்த நாள் முதல் அதற்குப் பலாக் குழை ஒடித்துப் போட்டவனும், மழை வந்தால் அவிழ்த்துத் தாழ்வாரத்தில் கட்டியவனும் இந்தப் பிள்ளைதான். பெருநாளன்று அவன் விம்மி அழ, "அல்லாஹ்வுக்குக் கொடுக்கிற ஆட்டுக்கு அழுகிறதா? பாவம்!" என்று உம்மா ஏசிவிட்டாராம்.

அந்தத் தாயின் பயம் எனக்கு விளங்குகிறது. இறைகட்டளையின் முன் பிள்ளையின் மனம் சுணங்கிவிடக் கூடாதே என்று நினைத்திருக்கிறார். ஆனால், ஆட்டின் மீது அன்பு வைப்பது மார்க்கத்துக்கு அந்நியமான ஒன்றா? சற்றுச் சிந்தித்துப் பாருங்கள்.

ஸூரத்துன் நஹ்லின் 5ஆம், 6ஆம் வசனங்களில் அல்லாஹ் கால்நடைகளைப் பற்றிப் பேசுகிறான். அவற்றால் கிடைக்கும் கதகதப்பையும் உணவையும் பிற பயன்களையும் சொல்கிறான். அதோடு நிறுத்திவிடவில்லை. அவை மாலையில் வீடு திரும்புவதிலும் காலையில் மேயப் புறப்படுவதிலும் உங்களுக்கு அழகு இருக்கிறது என்பதையும் ஓர் அருட்கொடையாக எண்ணிக் காட்டுகிறான். காலைக்கு முன் மாலையைச் சொன்னது ஏன்? வயிறு நிறைந்து, மடி பெருத்து அவை திரும்பி வரும் நேரமே கண்ணுக்கு மிக நிறைவானது என்று தப்ஸீர் ஆசிரியர்கள் விளக்கியுள்ளனர்.

ஆட்டை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு அந்த அழகு புரியும். பிறந்த சிறிது நேரத்திலேயே தள்ளாடி எழுந்து மடி தேடும் குட்டி, சில நாட்களில் காரணமே இல்லாமல் துள்ளிக் குதிக்கும். ஆட்டின் கண்மணி நம்முடையதைப் போல் வட்டமானதன்று, குறுக்காக நீண்டது. மேய்வதற்குத் தலையைத் தாழ்த்தும்போது கண் உள்ளே சுழன்று, அந்தக் கண்மணி தரைக்குச் சமாந்தரமாகவே நிற்கிறது. புல்லைக் கடித்துக்கொண்டே சுற்றுப்புறத்தைக் கண்காணிப்பதற்குப் படைத்தவன் செய்த ஏற்பாடு அது. இங்கிலாந்தில் நடத்தி 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், முன்பின் அறியாத மனிதரின் சிரித்த முகப் படத்தையும் கோப முகப் படத்தையும் வைத்தபோது ஆடுகள் சிரித்த முகத்தையே அதிகம் நாடினவாம்! வாயில்லா ஜீவனுக்கும் முகம் தெரிகிறது.

நபி (ஸல்) அவர்களின் இல்லத்திலும் ஆடு இருந்தது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு கிளம்பிய சமயம், அவரைப் பற்றி விசாரிக்கப்பட்ட பரீரா (ரலி) என்ன சொன்னார் தெரியுமா? மாவைப் பிசைந்து வைத்துவிட்டு உறங்கிவிடும் இளம் வயதினர், வீட்டு ஆடு வந்து அதைத் தின்றுவிடும். இதைத் தவிர வேறு குறை எதையும் தாம் கண்டதில்லை என்றார் (புகாரி). நம் குசினிகளில் நடப்பதைப் போன்ற ஒரு காட்சி! எல்லா நபிமார்களும் ஆடு மேய்த்தவர்களே என்றும், தாமும் மக்காவாசிகளுக்காகக் கூலிக்கு மேய்த்ததாகவும் பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள் (புகாரி). ஆளுக்கொரு திசையில் ஓடும் ஆடுகளைக் கட்டி மேய்ப்பவனுக்குப் பொறுமையும் இரக்கமும் தாமாகவே வரும்.

இனி அந்தச் சிறுவனின் கேள்விக்கு வருவோம். ஆட்டை அறுக்கும்போது தமக்கு அதன் மீது இரக்கம் உண்டாகிறது என்று ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். அது பலவீனம் என்று அவர்கள் கண்டிக்கவில்லை. ஆட்டுக்கு நீர் இரங்கினால் அல்லாஹ் உமக்கு இரங்குவான் என்ற கருத்தை இருமுறை சொன்னார்கள் (அல்-அதபுல் முப்ரத்). இதை எடுத்துச் சொன்னபோது அந்தப் பிள்ளை தலையை நிமிர்த்தினான். "அப்ப உம்மாக்கிட்டயும் சொல்லவா?" என்றான். "மெதுவாச் சொல்லுங்க மகன்" என்றேன்.

சகோதரிகளே! இறைச்சியோ இரத்தமோ அல்லாஹ்வை அடைவதில்லை, உள்ளத்தின் தக்வாவே அவனை அடைகிறது என்பது ஸூரத்துல் ஹஜ்ஜின் 37ஆம் வசனம் தரும் பாடம். மனதுக்குப் பிரியமானதைக் கொடுப்பதுதானே குர்பானி? பிரியமே இல்லாவிட்டால் கொடுத்தது என்ன?

ஆகவே, அடுத்த ஹஜ்ஜுக்கு உங்கள் முற்றத்தில் ஓர் ஆடு நின்றால், பிள்ளை அதற்குக் குழை போடட்டும், தண்ணீர் வைக்கட்டும். அது எதற்காக வளர்கிறது என்பதை முதலிலேயே உண்மையாகச் சொல்லுங்கள். "ஓடிப்போய்விட்டது", "விற்றுவிட்டோம்" என்று பொய் சொல்லாதீர்கள். ஆட்டின் கண்முன்னே கத்தி தீட்டவோ, ஓர் ஆட்டின் முன் மற்றொன்றை அறுக்கவோ வேண்டாம் என்று வீட்டு ஆண்களுக்கு நினைவூட்டுங்கள். பார்க்க விரும்பாத பிள்ளையை இழுத்து நிறுத்தாதீர்கள். அழுதால் அணைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இறைச்சிப் பங்கை அதன் கையிலேயே கொடுத்து ஏழை வீட்டுக்கு அனுப்புங்கள். தான் நேசித்தது ஒரு வீட்டின் அடுப்பை எரியச் செய்வதை அது தன் கண்ணால் காணட்டும்.

இரக்கமுள்ள பிள்ளைகளை வளர்க்கும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.