அகதி வயலினும் செலவு நோயும்

பீத்தோவனின் நால்வரிசையை வாசிக்க அவர் காலத்தில் இரு வயலின், ஒரு வயோலா, ஒரு செலோ என நால்வர் தேவைப்பட்டனர். இன்றும் நால்வரே தேவை. உற்பத்தித்திறன் உயராமலே செலவு உயரும் இந்நிலையைப் பாமோலும் போவனும் 1966இல் 'செலவு நோய்' என விளக்கினர்.

இத்தகைய தொழிலில் கைப்பொருளற்ற அகதி எவ்வாறு நுழைந்தார்? 1938இல் வியன்னாவிலிருந்து லண்டனுக்குத் தப்பிவந்த யூத இளைஞர் நார்பர்ட் பிரைனினை, 1940இல் பிரிட்டன் 'எதிரிநாட்டவர்' என்று அடைத்துவைத்தது. அந்த முகாம்களின் வழியாகவே நிஸ்ஸல், ஷிட்லோஃப் என்னும் சக அகதிகளின் நட்பு வாய்த்தது. தாமும் புலம்பெயர்ந்தவரான மாக்ஸ் ராஸ்டல் அவர்களுக்குக் கட்டணமின்றிக் கற்பித்தார். எந்தத் தேசிய வருமானக் கணக்கிலும் ஏறாத முதலீடு அது! ஆங்கிலேயச் செலோ கலைஞர் மார்ட்டின் லவெட்டும் இணைய, அமடேயஸ் நால்வர் குழு 1948 ஜனவரியில் லண்டன் விக்மோர் அரங்கில் அரங்கேறியது.

1987இல் ஷிட்லோஃப் மறைந்தார். ஏறத்தாழ 40 ஆண்டுகள் உடன் வாசித்தவருக்கு மாற்றாக வேறொருவரைத் தேடாமல் மூவரும் குழுவைக் கலைத்தனர்.