நகத்தடிக் கட்டியும் ஒரு குண்டூசியும்

விரல் நுனியில், நகத்துக்கும் எலும்புக்கும் இடைப்பட்ட மெல்லிய சதையில், பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான அளவில் வளர்ந்து, குளிர்ந்த நீர் பட்டாலும் போர்வை உரசினாலும் ஆளைத் துடிக்க வைக்கும் ஓர் அபூர்வக் கட்டி உண்டு. குளோமஸ் கட்டி என்பது அதன் பெயர். அநேகமாக எப்போதும் அது புற்றுநோய் வகையைச் சேராதது, பிராணாபாயமற்றது. ஆனாலும் உயிரை வாங்குவதில் குறை வைப்பதில்லை.

சாதாரணமாகத் தமனியில் வரும் இரத்தம் தந்துகிகளில் பரவிய பிறகே சிரையைச் சேருகிறது. விரல் நுனிகளிலோ, தந்துகிகளைத் தொடாமல் தமனியிலிருந்து நேரே சிரைக்குச் செல்லும் குறுக்குக் குழாய்கள் ஏராளம். அவற்றைச் சூழ்ந்த விசேஷத் தசையணுக்கள், மடையைத் திறந்து மூடும் நீர்பாய்ச்சியைப் போல, குழாயை விரித்தும் சுருக்கியும் உடலின் உஷ்ணத்தைச் சீர்செய்கின்றன. அந்த அணுக்களே வரம்பு மீறிப் பெருகுவதால்தான் இக்கட்டி உண்டாகிறது என்பதை 1924-ல் பிரெஞ்சு அறிஞர் பியர் மாசோன் விளக்கினார். எடின்பரோவின் ரண வைத்தியர் வில்லியம் வுட் 1812-லேயே, தோலுக்கடியில் வேதனை தரும் சிறு முடிச்சுகளை வர்ணித்து எழுதியிருந்தார்.

நகம் பார்வைக்குப் பெரும்பாலும் பழுதற்றே இருக்கும். சிலருக்கு மட்டும் இளநீலச் சாயையோ நெடுக ஒரு வரியோ தென்படும். எனவே நகச்சுற்று என்றும், வாதம் என்றும், பெண்களாயின் (நகத்தடிக் கட்டிக்கு ஆளாவோரில் அவர்களே அதிகம்) வெறும் மனப்பிராந்தி என்றும் வருஷக்கணக்கில் தட்டிக் கழிக்கப்பட்டவர்கள் உண்டு. வைத்திய சாஸ்திரத்துக்கு இது பெருமை தரும் செய்தியன்று. முதற் சோதனைக்கு வேண்டியது ஒரு குண்டூசிதானே! அதன் தலையால் நகத்தின்மேல் புள்ளி புள்ளியாக அழுத்திக்கொண்டே வந்தால், கட்டிக்கு நேர் மேலே வந்ததும் நோயாளி சுரீரென்று கையை இழுத்துக்கொள்வார். சற்றே தள்ளி அழுத்தினால் ஒன்றுமில்லை. பிறகு, இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை மேற்கையில் இறுக்கி ஓட்டத்தை நிறுத்திவிட்டால், அதே இடத்தில் அதே ஊசி நோவு தருவதில்லை; பட்டையைத் தளர்த்தியதும் நோவு திரும்பிவிடும். எம்.ஆர்.ஐ. படம் கட்டியின் இடத்தையும் அளவையும் காட்டும் என்பது மெய்யே. ஆனால் அப்படத்தை எடுக்கத் தூண்டும் சந்தேகம் இந்தக் குண்டூசியிலிருந்துதான் பிறக்க வேண்டும்.

மருந்துக்கு இது கரையாது. விரலை மரத்துப்போகச் செய்து, நகத்தைத் தூக்கி, அடிச்சதையைக் கீறினால், இளஞ்சிவப்பான உருண்டையொன்று பிதுங்கி வரும். அதை முழுதும் எடுத்துவிட்டு, சதையை மெல்லிய நூலால் தைத்துவிட்டால் பெரும்பாலோருக்கு நோவு விட்டுப்போகிறது. துணுக்கு தங்கினால் மறுபடி வளரும். பல விரல்களில் தோன்றியவர்களுக்கு, நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் என்னும் பரம்பரை வியாதியின் அறிகுறியான பால்காப்பி நிறத் திட்டுகள் தோலில் உண்டா என்றும் வைத்தியர்கள் தேடிப் பார்க்கிறார்கள்.