3 சோதனையும் சொதப்பல்.. ஆனாலும் மனிதரை ஏற்றிய சோவியத்! சோயுஸ்-1ல் நடந்தது என்ன?

விண்கலத்தை முதலில் ஆளில்லாமல் அனுப்புவது எதுக்கு? கோளாறு இருந்தா, உயிர் போகாமல் தெரிஞ்சுக்கத்தான். சோயுஸில் கோளாறு தெரிந்தது. கேட்கத்தான் ஆளில்லை.

1966 நவம்பரில் பறந்த முதல் கலம் (காஸ்மோஸ் 133) திரும்பும்போது அழிந்தது. டிசம்பரில் அடுத்தது ஏவுதளத்திலேயே வெடித்தது.

1967 பிப்ரவரியில் காஸ்மோஸ் 140. வெப்பக் கவசத்தில் ஓட்டை விழுந்து, உள்ளிருந்த காற்று வெளியேறியது. உறைந்த ஆரல் கடலில் இறங்கி, பனியை உடைத்துக்கொண்டு மூழ்கியது. உள்ளே ஆள் இருந்திருந்தால்?

இரண்டரை மாதத்தில், ஏப்ரல் 23ல், விளாடிமிர் கோமரோவை ஏற்றினார்கள். விண்வெளியில் ஒரு சோலார் பேனல் விரியவில்லை. மறுநாள் தரையிறங்கும்போது முக்கிய பாராசூட்டும் விரியல. கோமரோவ் உயிரிழந்தார்.

அதன்பிறகு மீண்டும் ஆளில்லா சோதனைகள். சோயுஸில் அடுத்த மனிதர் ஏறியது 1968 அக்டோபரில்தான்.