சம்பைக் கழற்றும் முன்

பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற விருத்தாசலத்திற்கு அருகே, வெள்ளாற்றை ஒட்டிய கருவேப்பிலங்குறிச்சி போன்ற ஊர்களில், தகப்பனார் வாங்கிய டிராக்டரை மகன் ஓட்டுவது சர்வசாதாரணம். அத்தகைய பழைய யந்திரத்தின் அடியில் எண்ணெய் சொட்டத் தொடங்கினாலோ, ஆயில் பிரஷர் குறைந்தாலோ, எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்பைக் கழற்ற வேண்டிய அவசியம் நேருகிறது. பல கார்களில் சம்பு மெல்லிய தகட்டாலான வெறும் தொட்டியாதலால், அதே எண்ணத்துடன் டிராக்டரின் கீழே படுத்து போல்ட்டுகளைத் தளர்த்துகிறவர்கள் உண்டு. அது பேராபத்து.

காரணம் யந்திரத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. 1917-இல் வெளிவந்த ஃபோர்ட்சன் டிராக்டரில் தனிச் சட்டம் கிடையாது. எஞ்சினும் கியர் பெட்டியும் பின் அச்சும் ஒன்றோடொன்று பூட்டப்பெற்று, அவையே பாரம் தாங்கும் முதுகெலும்பாக நின்றன. பின்னர் வந்த பல டிராக்டர்கள் இம்முறையையே தழுவின. 1939-இல் வந்த ஃபோர்ட் 9என் முதலிய பழைய மாதிரிகளில் சம்பு கனத்த வார்ப்பிரும்பாலானது. வண்டியின் பாரத்தில் அதற்கும் பங்குண்டு.

ஆகவே முதற்காரியம் தாங்கு கொடுப்பது. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பாட்டரி இணைப்பை விலக்கி, எஞ்சின் சற்றுச் சூடாயிருக்கையிலேயே எண்ணெயை வடிக்க வேண்டும். சூட்டில்தான் கசடும் சேர்ந்து இறங்கும். முன் அச்சையும் ரேடியேட்டரையும் முன்னே நகர்த்த வேண்டிய மாதிரிகளில், ரேடியேட்டர் தண்ணீரை இறக்கி ஸ்டீரிங் இணைப்புகளைப் பிரித்த பிறகு, முன் அச்சுக்கும் அதன் தாங்கிக்கும் நடுவே இருபுறமும் மர ஆப்பு அடித்தாக வேண்டும். அந்த அச்சு நடுமுளையில் ஆடும்படி அமைந்ததாகையால், ஆப்பில்லாமல் பிரித்தால் முன்பாகம் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். எஞ்சினின் பாரத்தை உறுதியான ஸ்டாண்டு சுமக்க வேண்டுமேயன்றி, ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் அடியில் தலையை நீட்டலாகாது.

சம்பு கீழிறங்கியதும் கழுவ அவசரப்படாதீர்கள். அடியில் படிந்த கசடுதான் எஞ்சினின் சரித்திரம். செம்பு நிறத் துகள்கள் பேரிங் அல்லது புஷ் தேய்ந்ததையும், பால்போல் வெளுத்த எண்ணெய் தண்ணீர் கலந்ததையும் உணர்த்தும். அவற்றைக் கண்டும் காணாமல் மூடிவிட்டால் செய்த வேலை அத்தனையும் வீண்.

ஆயில் சல்லடையை டீசலில் அலசி, பழைய பேக்கிங்கை முகப்பு கீறாமல் சுரண்டி, புதியதைப் பொருத்துங்கள். கியர் பெட்டியோடு சேரும் சம்புகளில், சம்பின் பின்முகம் எஞ்சின் பிளாக்கின் பின்முகத்தோடு ஒரே மட்டமாய் நிற்கிறதா என்று நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்த பின்பே போல்ட்டுகளைச் சீராக இறுக்க வேண்டும். மட்டம் பிசகினால் வார்ப்பிரும்பு விரிசல் கண்டுவிடும்.

புதிய எண்ணெய் ஊற்றி எஞ்சினைக் கிளப்பியதும் பிரஷர் முள்ளைக் கவனியுங்கள். சில விநாடிகளில் அது எழவில்லையானால், உடனே எஞ்சினை நிறுத்திவிடுங்கள்.