தாத்தா ஊர் நாகப்பட்டினமா? விமானம் ஏறும் முன் வீட்டில் கேட்க வேண்டியவை

தாத்தாவின் பழைய பத்திரம் ஒன்றில் 'நெகபட்டாம், டாஞ்சூர் டிஸ்ட்ரிக்ட்' என்று இருக்கிறதா? குழம்ப வேண்டாம். பிரிட்டிஷார் காலத்தில் நாகப்பட்டினத்தை ஆங்கிலத்தில் அப்படித்தான் எழுதினார்கள். 1991 வரை அது தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகுதான் தனி மாவட்டம் ஆனது.

ஆனால் அந்தப் பெயரைப் பார்த்தவுடனே டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். அது தாத்தா பிறந்த ஊராகவும் இருக்கலாம், கப்பல் ஏறிய ஊராகவும் இருக்கலாம்.

மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த காலத்தில், புறப்படுபவர்கள் தங்கும் முகாம் நாகப்பட்டினத்தில் இருந்தது. சேலம், திருச்சி பக்கத்துக்காரர்களும் அங்கு வந்து கப்பல் ஏறினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளை நாகப்பட்டினத்தில் போய் நின்று சொந்தக்காரர்களைத் தேடினால் யாரும் கிடைக்கமாட்டார்கள்.

அதனால் தேடலை வீட்டு வரவேற்பறையில் தொடங்குங்கள். பாட்டி இருக்கும்போதே.

என்ன கேட்பது?

"எந்த வருஷம் வந்தீங்க?" என்று கேட்டால் பலருக்கு நினைவிருக்காது. "எந்தக் கப்பல்ல வந்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் பெரும்பாலும் சட்டென்று வரும்.

ராஜுலா என்றால் 1926க்கும் 1970களின் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட காலம். சிதம்பரம் என்றால் 1970களோ அதற்குப் பிறகோதான். 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அதோடு அந்தப் பயணிகள் சேவையும் நின்றுபோனது.

நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல்கள் கரைக்கு வர முடியாது. கடலில் தள்ளி நிற்கும், படகில் போய் ஏற வேண்டும். "படகுல போனப்ப வாந்தி எடுத்தேன்" என்று பாட்டி சொன்னால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏறிய துறைமுகம் எது என்பதற்கு அதுவும் ஒரு துப்புதான்.

அடுத்தது குலதெய்வம். இந்துக் குடும்பங்களில் ஊர்ப் பெயர் மறந்தாலும் குலதெய்வத்தின் பெயர் மறப்பதில்லை. ஒரே தெய்வத்தைக் கும்பிடும் பங்காளிகள் பல ஊர்களில் சிதறியிருந்தாலும், காதுகுத்து, முடியிறக்குதல் என்றால் அந்தக் கோயிலுக்குத்தான் வருவார்கள். பூசாரியிடம் விசாரித்தால் ஒரு போன் நம்பராவது கிடைக்கும். திருமணமான பெண்களுக்குக் கணவர் வீட்டுக் குலதெய்வம் சேர்ந்துவிடும் என்பதால், பாட்டியிடம் "இது தாத்தா பக்கமா, உங்க அப்பா பக்கமா?" என்று பிரித்துக் கேளுங்கள்.

முஸ்லிம் குடும்பம் என்றால் எந்தப் பள்ளிவாசல் ஜமாஅத் என்று கேளுங்கள். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் எந்தப் பங்கு என்று கேளுங்கள். தேவாலய ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோர் பெயரும் இருக்கும்.

இன்னொரு விஷயம், நம்மில் பலர் சறுக்கும் இடம். குடும்ப மரம் வரையும்போது 'அங்கிள்', 'ஆன்ட்டி', 'கசின்' என்று எழுதிவிடுகிறோம். சித்தப்பாவா, மாமாவா என்பது தெரிந்தால்தான் அவர் அப்பா வழியா, அம்மா வழியா என்று தெரியும். தமிழ் உறவுப் பெயரில் பாதி வரைபடம் இருக்கிறது. அதை அப்படியே எழுதுங்கள். நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் அண்ணனை நானா என்றும் அக்காவை லாத்தா என்றும் அழைப்பதைக் கேட்கலாம். அவற்றையும் மாற்றாமல் எழுதுங்கள்.

காகிதங்கள் எங்கே?

பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களின் நகலுக்குக் குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையத்தை அணுகலாம். தேசிய நூலக வாரியத்தின் இணையத்தளத்தில் பழைய தமிழ் முரசு இதழ்களைப் படிக்கலாம். மரண அறிவிப்பில் சில நேரம் சொந்த ஊரும் அச்சாகியிருக்கும். பெயரைத் தேடும்போது பொறுமை வேண்டும். ஒரே முத்துசாமியை மூன்று குமாஸ்தாக்கள் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள்.

தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் உள்ள நாகூர் தர்காவையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டப்பட்டது. அப்போது அந்தத் தெரு கடற்கரையாக இருந்தது. கடல் தாண்டி வந்தவர்கள் நாகூர் ஆண்டவர் ஷாகுல் ஹமீதின் நினைவாகக் கரையிலேயே கட்டினார்கள். பினாங்கிலும் இப்படி ஒரு தர்கா உண்டு.

அங்கே போனால்

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் உண்டு, சுமார் நான்கு மணி நேரம். அங்கிருந்து தஞ்சாவூர், திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் ஏறக்குறைய 140 கிலோமீட்டர். நாகூர் இன்னும் ஐந்து கிலோமீட்டர் வடக்கே.

நமக்குப் பள்ளி விடுமுறை நவம்பர், டிசம்பரில். அங்கே அதுதான் வடகிழக்குப் பருவமழைக் காலம், புயலும் வரலாம். 2018 நவம்பரில் கஜா புயல் அந்தக் கரையைத்தான் தாக்கியது. செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா, அப்போது அறை கிடைப்பது கஷ்டம். நாகூர்க் கந்தூரிக்கும் அப்படியே. கந்தூரி இஸ்லாமிய நாள்காட்டிப்படி வருவதால் தேதி ஆண்டுதோறும் மாறும்.

தாத்தா சொன்ன வீடு அங்கே இல்லாமலும் போகலாம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டில் மிக மோசமாக அடிபட்டது நாகப்பட்டினம் மாவட்டம்தான். 6,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மீனவக் குடும்பங்கள் பல கடலிலிருந்து தள்ளி, புதிய குடியிருப்புகளுக்கு மாறின. பழைய போட்டோ, கடிதம் எதுவும் இல்லை என்று அவர்கள் சொன்னால் "ஏன் பத்திரமா வைக்கல?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நீங்கள் இங்கிருந்து கொண்டுபோகும் நகல்தான் அந்த வீட்டில் இருக்கப்போகும் ஒரே படமாக இருக்கலாம். அதனால் போனில் காட்டினால் போதாது, பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள்.

இனி, யாரும் வெளிப்படையாகப் பேசாத விஷயம். பிழைக்க வந்த ஆண்கள் சிலருக்கு அங்கே ஒரு குடும்பம், இங்கே ஒரு குடும்பம் இருந்தது. அனுப்பிய பணம் ஒரு கட்டத்தில் நின்றிருக்கும், கடிதமும் நின்றிருக்கும். நீங்கள் கதவைத் தட்டும்போது திறப்பவர் உங்கள் அப்பாவின் அண்ணனாக இருக்கலாம். அவர் தன் தகப்பனை வாழ்நாளில் நான்கு முறைகூடப் பார்த்திருக்கமாட்டார். நீங்களோ அந்தத் தாத்தாவின் மடியிலேயே வளர்ந்தவர்.

இதை அறிந்தால் வீட்டில் யாருக்கு வலிக்கும் என்று முன்பே யோசியுங்கள். பாட்டியிடம் ரகசியமாக வைத்துவிட்டு இன்ஸ்டகிராமில் போட்டுவிடுவது சரியல்ல. அப்பா, அத்தை யாரிடமாவது முதலில் பேசிவிடுங்கள். அங்கே போனதும் பெரியவரை 'அங்கிள்' என்று கூப்பிடாமல் 'பெரியப்பா' என்று கூப்பிடுங்கள். அவர் கோபமாகப் பேசினால் தாத்தாவுக்காக வாதாடாதீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள், போதும்.

சந்தேகமும் வரும். பல வருஷம் கழித்து வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்தால் "நிலத்துல பங்கு கேக்க வந்திருக்காங்களோ?" என்று நினைப்பது இயல்பு. காபி வருவதற்குள் நீங்களே சொல்லிவிடுங்கள்: "சொத்து விஷயமா வரல பெரியப்பா, உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்." பட்டா, பத்திரம் பற்றிய பேச்சை முதல் பயணத்தில் எடுக்கவே வேண்டாம். கிராம நிர்வாக அலுவலகம் பக்கம் போனாலே செய்தி ஊர் முழுக்கப் பரவிவிடும்.

பேச்சு எப்படித் தொடங்குவது என்ற பயம் இருந்தால், காலையில் போங்கள். "பசியாறியாச்சா?" என்று கேட்பார்கள். இங்கே நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் அதே வார்த்தை, நாகூர்ப் பக்கம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. இல்லை என்று சொல்லுங்கள். கையில் கோடாலித் தைலம் நாலு பாட்டில் கூடுதலாக இருக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரர்களும் பார்க்க வருவார்கள்.